சந்தனப் பொட்டு வைத்த கமரா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே: வாழைப்பழத்தால் டேப்லெட்டை இயக்கலாம். தோலோடும் இயக்கலாம். நுனியைக் கொஞ்சம் உரித்துக்கொண்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும். இதை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. நான் படித்ததே பத்தாம் வகுப்பு வரைதான், அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் டேப்லெட்டும் இல்லை, வாழைப்பழத்தைத் தின்னாமல் வைத்திருக்கும் பிள்ளையும் இல்லை. எனக்கு இதைச் சொல்லித் தந்தது எங்கள் சின்னவள். அப்போது அவளுக்கு ஆறு வயது.

நாங்கள் அந்த நாளில் பென்டில் ஹில் என்ற புறநகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சாமிக்கென்று தனி அறை இல்லை. ஹால் ஓரத்தில் துவாய்களும் படுக்கை விரிப்புகளும் வைக்கும் அலுமாரி ஒன்று இருந்தது. துவாய்களை வெளியே எடுத்துவிட்டுச் சாமிகளை உள்ளே வைத்தோம். சாமிகளுக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது. துவாய்கள் இன்றைக்கும் அட்டைப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன.

நவராத்திரியின் கடைசியில் சரஸ்வதி பூசை வரும். அன்றைக்குப் புத்தகம், பேனை, வயலின், படிப்புக்கு உதவும் எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுவோம். வைத்தது வைத்ததுதான். மறுநாள் விஜயதசமிக் காலையில் பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. தொடக்கூடாது என்றால் படிக்கவும் முடியாது. பிள்ளைகளுக்குச் சட்டப்படியே படிப்பில் இருந்து விடுதலை கிடைக்கும் ஒரே நாள் அது. எங்கள் பெரியவள் அதைச் சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கணக்கில் அவள் கெட்டிக்காரி இல்லை என்றாலும் இந்தக் கணக்கில் மட்டும் பிழை விடமாட்டாள்.

பெரியவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவளுடைய டேப்லெட்டில் பள்ளிக்கூடத்தார் போடச் சொன்ன கணக்கு அப் ஒன்று இருந்தது. விடை சரியென்றால் ஒரு முயல் துள்ளிக் குதிக்கும். பிழையென்றால் அதன் காது தொங்கிவிடும். எங்கள் வீட்டு முயலுக்குப் பெரும்பாலும் காது தொங்கித்தான் இருந்தது. நாள்தோறும் பத்துக் கணக்குச் செய்யவேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

சரஸ்வதி பூசை அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்தவள், முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு, டேப்லெட்டை இரண்டு கையாலும் ஏந்தியபடி தாயிடம் வந்தாள்.

"அம்மா, இதுவும் லேர்னிங் திங்தானே. இதையும் சாமிக்கு வைப்பமா?"

மனைவிக்கு அப்படியே மனம் குளிர்ந்துவிட்டது. "பாருங்கோ அப்பா, நான் சொல்லேல்லை, பிள்ளை தானாக் கேக்குது" என்றாள் என்னிடம்.

நான் பெரியவளைப் பார்த்தேன். பெரியவள் சாமிப் படத்தைப் பார்த்தாள்.

குட்டி மேசையில் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் சாய்த்து டேப்லெட்டை நிமிர்த்தி வைத்தாள் மனைவி. திரை எங்களைப் பார்த்தபடி இருந்தது. பிறகு ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தாள். டேப்லெட்டுக்கு எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்தாள். மேல் விளிம்பில் நடுவிலே சின்னதாக ஒரு வட்டம் தெரிந்தது. நெற்றி மாதிரி இருந்த அந்த இடத்தில், வட்டத்தின் ஓரத்தை மூடுகிற மாதிரி அழகாக ஒரு பொட்டு வைத்தாள். அந்த வட்டம் முன்பக்கக் கமரா என்பது அந்த நேரம் எங்கள் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

பூசை முடிந்தது. மனைவி குசினிக்குப் போய், இரவுச் சமையலைப் பார்த்துக்கொண்டே லண்டனில் இருக்கும் தன் அக்காவுக்கு போன் எடுத்தாள். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். "ஓம் அக்கா, தானாக் கேட்டது அக்கா. இந்த நாட்டிலை பிறந்த பிள்ளை, பாருங்கோவன்" என்பது ஹால்வரை கேட்டது. பெரியவள் கதிரையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாத மனுஷி மாதிரி இருந்தாள்.

அந்த நேரம் என் போனில் ஒரு சத்தம். பள்ளிக்கூட அறிவித்தல். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

"பிள்ளை, நாளைக்கு விடிய வகுப்புத் தொடங்க முன்னம் உங்கடை படங்களை அனுப்பட்டாம். என்ன படம்?"

கால் கீழே இறங்கியது.

"நாளைக்கா? நோ அப்பா. ஃப்ரைடே."

"வெள்ளிக்கிழமை படம் காட்டுறதாம். அனுப்பிறது நாளைக்காம்."

அவள் போனைப் பறித்து வாசித்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, பொட்டோடு நிற்கும் டேப்லெட்டைப் பார்த்தாள். அப்படியொரு பார்வையை, பஸ் புறப்பட்ட பிறகு பஸ் தரிப்பிடத்துக்கு வந்து சேர்பவர்களிடம்தான் பார்த்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். அவளுடைய ஆசிரியை வகுப்பை மூன்று மூன்று பேராகப் பிரித்து, 'ஒரு சண்டை எப்படி முடிந்தது' என்று ஒவ்வொரு குழுவும் ஒரு குட்டிப் படம் செய்யச் சொல்லியிருந்தார். நடிகர்கள் எல்லாரும் களிமண் பொம்மைகள். பொம்மையை நிற்கவைத்து ஒரு படம் எடுக்கவேண்டும். காலை அரிசியளவு நகர்த்தி இன்னொரு படம். இன்னும் அரிசியளவு, இன்னொரு படம். அப் எல்லாவற்றையும் சேர்த்து வேகமாக ஓட்டினால் பொம்மை தானாக நடக்கும். முதல் தரம் அதைப் பார்த்தபோது நான் பொம்மையைத் தூக்கி அடியிலே சில்லு இருக்கிறதா என்று பார்த்தேன்.

இவர்களுடைய கதை ஒரு தபால்காரனுக்கும் ஒரு மக்பைக்கும் இடையிலான சண்டை. மக்பை கறுப்பும் வெள்ளையுமான பறவை. வசந்தகாலத்தில் தன் கூட்டுக்குக் கிட்டப் போகிறவர்களின் தலையைக் குறிவைத்துப் பாயும். தபால்காரன் ஸ்கூட்டரில் வருவான், மக்பை கொத்தும். அவன் அதை விரட்ட ஹெல்மெட்டில் கம்பி கம்பியாகக் குத்தி நிறுத்திக்கொண்டு வருவான், அதற்கும் கொத்தும். இதுவரைக்கும் மூன்று பேரும் சனி ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் வைத்து எடுத்துவிட்டார்கள். ஒருத்தி குரல் கொடுத்தாள், ஒருத்தி எழுத்துகள் போட்டாள். சண்டை முடிகிற கடைசிக் காட்சியைத் தனியாக எடுத்து முடிப்பதாக எங்கள் பெரியவள் பொறுப்பெடுத்திருந்தாள். அது இல்லாவிட்டால் படத்தில் தபால்காரன் கொத்து வாங்கியபடியே நிற்பான். மற்ற இரண்டு பிள்ளைகளின் உழைப்பும் முடிவில்லாமல் போய்விடும். நாளைக்கு அவர்களுடைய முகத்தில் விழிக்கவேண்டியவளும் இவள்தான்.

என் போனில் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மச்சான் ஒருவர் நாள்தோறும் காலையில் பூவும் வணக்கமுமாக அனுப்பும் படங்களால் என் போன் நிறைந்து, புது அப் ஒன்றை ஏற்ற மறுத்துவிட்டது. அதோடு முதல் எடுத்த படம் எல்லாம் டேப்லெட்டுக்குள். அங்கேதான் எடுத்து, அங்கேதான் ஒட்டவேண்டும்.

"அம்மாட்டைச் சொல்லுவம்" என்றேன்.

"சொன்னா, ஏன் வைச்சனி எண்டு கேப்பா."

"ஏன் வைச்சனி?"

சின்னவள் சொன்னாள். "மாத்ஸ் செய்யாமல் இருக்க. அக்கா எனக்கு மோர்னிங்கே சொன்னவ."

குசினியில் இருந்து, "தானாக் கேட்டது அக்கா" என்று இன்னொரு தரம் கேட்டது. இதற்குள் லண்டன் முழுக்கத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் போய் அந்தச் சந்தோஷத்தின் தலையில் கொத்த எனக்கும் மனம் வரவில்லை.

"தொடாமல் எடுக்கலாமா?" என்று கேட்டேன், கேட்டுவைப்போமே என்று.

பெரியவள் கொஞ்சம் யோசித்தாள். டேப்லெட் எங்களைப் பார்த்துத்தான் நிற்கிறது. பொம்மைகளை அதன் முன்னால் கொண்டுபோனால் போதும். ஒருதரம் சொல்லிவிட்டால், பத்து விநாடிக்கு ஒரு படமாக அப் தன்பாட்டில் எடுத்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்த ஒருதரம் திறந்து அமத்துவதற்கு விரல் வேண்டும்.

"விரல் வேண்டாம்" என்றாள் சின்னவள். "பனானா காணும்."

நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம்.

"அம்மா சொன்னவ, சாப்பிடேக்கை கறிக் கையாலை தொடக்கூடாது எண்டு. நான் எப்பவும் பனானாவாலைதான் கார்ட்டூன் மாத்திறனான்."

எனக்கு வழக்கு விசாரித்துப் பழக்கமில்லை. நான் ரொட்டித் தொழிற்சாலையில் விடியப்புறம் அடுப்புக்கு முன்னால் நிற்பவன். இருந்தாலும் அந்த நேரத்தில் நியாயம் சொல்ல வேறு ஆள் இல்லை. வாழைப்பழம் பூசைப் பொருள். டேப்லெட் பூசையில் இருக்கும் பொருள். ஒரு பூசைப் பொருளில் இன்னொரு பூசைப் பொருள் பட்டால் அதில் மனிதர் யாரும் சம்பந்தப்படவில்லை. இப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டு, சாமிக்கு வைத்த சீப்பில் கை வைக்காமல், குசினிக்குப் போய் வேறொரு பழம் எடுத்து வந்தேன்.

"சாப்பாட்டு நேரத்திலை பழம் என்னத்துக்கு?" என்றாள் மனைவி, போனைத் தோளில் வைத்தபடி.

"பசிக்குது."

"மூண்டு பேருக்குமோ? ஒண்டை எடுத்துக்கொண்டு போறியள்."

"ஒண்டு காணும்" என்றேன்.

பழத்தின் நுனியை உரித்து, பெரியவள் டேப்லெட்டை எழுப்பினாள். பூட்டைத் திறக்க நாலு இலக்கம் அமத்தவேண்டும். வாழைப்பழத்துக்கு இலக்கம் சின்னது. இரண்டு தரம் பிழைத்தது. மூன்றாம் தரம் திறந்ததும் சின்னவள் கைதட்டப் போனாள், நான் கையைப் பிடித்தேன்.

அப் திறந்தது. முன்பக்கக் கமரா ஓடியது. திரையில் எங்கள் மூன்று முகமும் தெரிய வேண்டிய இடத்தில் முக்கால்வாசிதான் தெரிந்தது. வலப்பக்க மேல்மூலையில் ஒரே மஞ்சள் புகை.

"வட் இஸ் தட்?" என்றாள் பெரியவள்.

"பொட்டு" என்றேன். "அம்மா கமராவுக்குப் பொட்டு வைச்சிருக்கிறா."

சின்னவள் பழத்தை நீட்டினாள், துடைப்பதற்கு. நான் தடுத்துவிட்டேன். தொடுவது ஒரு குற்றமென்றால், சாமிக்கு வைத்த பொட்டை வாழைப்பழத்தால் அழிப்பது எத்தனையாவது குற்றம் என்று எனக்குத் தெரியாது.

"அது சூரியன் எண்டு வைப்பம்" என்றாள் பெரியவள். "பின்னேரம் ஆகுது எண்டு காட்டலாம்." பத்து வயதில் எனக்கு இப்படிச் சட்டென்று சமாளிக்கத் தெரிந்திருக்கவில்லை.

முக்காலியை மேசைக்கு முன்னால் இழுத்துவந்து, பச்சைத் துவாயை விரித்தோம். அது புல்லு. சப்பாத்துப் பெட்டி ஒன்று வீடு. தபால்காரனும் மக்பையும் எதிரெதிரே நின்றார்கள். பெரியவளின் திட்டப்படி தபால்காரன் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்து வணக்கம் சொல்லவேண்டும். மக்பையும் தலை குனியவேண்டும். பழம் கடைசித் தரமாகத் திரையில் பட்டது. கமரா தன்பாட்டில் எடுக்கத் தொடங்கியது. சத்தம் கேட்டதும் நகர்த்தி, கையை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டிருப்போம். அடுத்த சத்தம் கேட்டதும் திரும்பவும் நகர்த்துவோம்.

இடையில் குசினியில் கரண்டி வைக்கும் சத்தம் கேட்டால் மூவரும் கைகூப்பிக் கண்ணை மூடிவிடுவோம். ஒருதரம் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இண்டைக்கு மூண்டு பேரும் சாமியை விட்டு அசையிறியள் இல்லை?" என்றாள்.

"கும்பிடுறம்" என்றாள் சின்னவள், ஒரு கண்ணைத் திறந்து.

"நல்லாக் கும்பிடுங்கோ. அப்பாவுக்கும் கொஞ்சம் புத்தி வரட்டும்."

தபால்காரன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டான். இனிக் குனியவேண்டும். அப்போதுதான் திரையின் மேலே பற்றரிக் கட்டம் சிவப்பாக இருப்பதைக் கண்டோம். சார்ஜரைச் செருகுவதென்றால் பிடித்துத் தூக்கவேண்டும். அதற்கு வாழைப்பழம் உதவாது. "கெதியா, கெதியா" என்றாள் பெரியவள். கெதியாகச் செய்யமுடியாத வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறதென்றால் அது இதுதான்.

அந்த நேரம் பார்த்து மனைவி வந்தாள். காலடி கேட்கவில்லை. கையில் ஒரு கிண்ணம் அவலும் கடலையும்.

"கும்பிட்டுக் கும்பிட்டுப் பிள்ளையளுக்குப் பசிச்சிருக்கும். இந்தப் பொம்மையளைத் தள்ளுங்கோவன்" என்றவள், எங்களைப் பார்த்திருக்காமல் தானே தபால்காரனை இரண்டு விரலால் தூக்கி மக்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். மக்பையைக் கொஞ்சம் திருப்பி நேராக்கினாள். இடம் வந்ததும் கிண்ணத்தை வைத்தாள். எங்களுக்கு ஒவ்வொரு பிடி தந்துவிட்டு, தந்த வேகத்தில் பொம்மைகளுக்கு முன்னாலும் ஆளுக்கொரு கடலை வைத்தாள்.

"அவையும் தின்னட்டும்" என்றாள்.

டேப்லெட் நல்ல பிள்ளையாகப் பத்து விநாடிக்கு ஒருதரம் எடுத்துக்கொண்டே இருந்தது. நாங்கள் மூவரும் வாய் நிறையக் கடலையை மென்றோம். சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் இருமினேன். மனைவி திரும்பிப் போகவும் பற்றரி தீர்ந்து திரை கறுத்துப்போகவும் சரியாக இருந்தது.

பெரியவளின் கண் நிறைந்துவிட்டது. "எல்லாப் படத்திலையும் அம்மான்ரை கைதான் விழுந்திருக்கும். ஃபினிஷ்ட்."

"காலமை பாப்பம்" என்றேன். அவள் தன் பங்குக் கடலையைச் சின்னவளுக்குக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

விஜயதசமி அன்று நான் வேலைக்கு லீவு சொல்லியிருந்தேன். பூசை முடிந்து, மனைவி ஒவ்வொரு பொருளாக எடுத்து அந்தந்தப் பிள்ளையின் கையில் தந்தாள். டேப்லெட்டை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் திரையை நிறைய நேரம் துடைத்தாள். பொட்டையும் மெதுவாகத் துடைத்தாள். சார்ஜரைச் செருகினாள்.

"இண்டைக்கு முதல் முதல் தொடங்கிறது நல்லாத் தொடங்கவேணும். நேற்றையதையும் சேர்த்து இருவது கணக்குச் செய்து போட்டுத்தான் மற்றது."

பெரியவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தரம் நான் சாமிப் படத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கு அந்த முயல் குதித்த மாதிரி அதற்கு முன்னும் குதிக்கவில்லை, பின்னும் குதிக்கவில்லை. ஒரு பக்கம் மணிக்கூடு, ஒரு பக்கம் முயல். கடைசிக் கணக்கு முடிந்ததும் படத்தைத் திறந்தாள். கெட்டுப்போன பகுதியை வெட்டிவிட்டு, இருக்கிறதோடு அனுப்பிவிடுவது என்றுதான் நினைத்திருந்தாள். ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள். எதையும் வெட்டவில்லை. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அப்படியே அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வகுப்பறையில் குட்டிக் கதிரைகளில் பெற்றோர் எல்லாரும் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தோம். மனைவி முதியோர் இல்ல வேலை உடுப்போடு நேராக வந்து, எனக்குப் பக்கத்தில் இருந்தாள். சின்னவள் என் மடியில். வெள்ளைத் திரையில் படம் ஓடியது. மக்பை கொத்துகிறது, தபால்காரன் விழுகிறான், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கடைசிக் காட்சியில் பொழுது மாறுகிறது. வலப்பக்க மூலையில் மஞ்சளாக ஒரு சூரியன் கரைந்துகொண்டிருக்கிறது. தபால்காரன் நடுங்கி நடுங்கி ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். மக்பை பாயத் தயாராக நிற்கிறது. அப்போது வானத்தில் இருந்து ஒரு பென்னாம்பெரிய கை இறங்கியது. தபால்காரனைத் தூக்கி மக்பைக்குப் பக்கத்தில் வைத்தது. மக்பையை நேராக்கியது. ஆளுக்கொரு கடலை வைத்தது. பிறகு மேலே போய்விட்டது. இரண்டு பேரும் சூரிய வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் கடலையோடு நின்றார்கள். படம் முடிந்தது.

வகுப்பு சிரித்த சிரிப்பில் எங்கள் கதிரைகளும் ஆடின. மற்ற இரண்டு பிள்ளைகளும் பெரியவளின் தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஆசிரியை, அந்த மாலை வெளிச்சத்தை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். பெரியவள் கொஞ்சம் யோசித்து, "சாண்டல்வுட்" என்றாள். அப்படியும் ஒரு அப் இருக்கிறதாக்கும் என்று ஆசிரியை எழுதிக்கொண்டார்.

நான் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் தன் கையில் இருந்த காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே காப்புத்தான் திரையில் மோட்டார்ச் சில்லளவு தெரிந்தது.

காரில் ஏறினோம். பெல்ட்டைப் போட்டுவிட்டு மனைவி சொன்னாள்.

"திரை முழுக்க வாழைப்பழம் அப்பியிருந்தது. துடைச்சுத் துடைச்சு என்ரை சேலைத் தலைப்பு ஒட்டிப்போச்சு. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ?"

"நாங்கள் தொடேல்லை" என்றேன், ரோட்டைப் பார்த்தபடி. "பழந்தான் தொட்டது."

"பழத்தை ஆர் தொட்டது?"

அந்தக் கேள்வியை என் தீர்ப்பில் நான் யோசித்திருக்கவில்லை.

"அம்மா, சொறி" என்றாள் பெரியவள். "மாத்ஸ் செய்யப் பஞ்சியிலைதான் வைச்சனான். நீங்கள் பெரியம்மாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தீங்கள், அதுதான் பிறகு சொல்லேல்லை."

மனைவி முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் பக்கவாட்டில் பார்த்தேன். சிரிப்பை அடக்கும்போது அவளுக்குக் காது சிவக்கும். சிவந்திருந்தது.

"பெரியம்மாட்டைச் சொன்னதைத் திருப்பி எடுக்கேலாது. அந்தப் படத்தை அனுப்பு, என்ரை கை நடிச்சிருக்கு எண்டு சொல்லுறன். வாற வருஷம் கணக்கை முதலே முடிச்சுப்போட்டுத்தான் டேப்லெட் சாமிக்குப் போகும். விளங்கிச்சோ?"

"ஓம் அம்மா."

கார் சிவப்பு விளக்கில் நின்றது. பின் இருக்கையில் இருந்து சின்னவளின் குரல் வந்தது, மிகவும் பக்தியாக.

"அம்மா, வாற வருஷம் என்ரை டூத் பிரஷையும் சாமிக்கு வைப்பமா?"